நடு ஊசி

வாய் பேசுவதற்கு முன்னால் என் கை பேசிவிடும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகள் வெளியே போகுமுன் சோதித்துப் பார்ப்பது என் வேலை. வீட்டில் கிட்டாருக்கு எஃபெக்ட் பெடல் செய்வேன். காலால் மிதித்தால் கிட்டார் கரகரத்து உறுமும், அந்தச் சின்ன அலுமினியப் பெட்டிதான். செய்வதைவிட லேபிள் ஒட்டுவதில் எனக்குப் பெருமை அதிகம். மெல்லிய படலத்தில் தமிழில் அச்சிட்டு, தண்ணீரில் ஊறவைத்து, பெட்டிமேல் வழுக்கி இறக்கி, வார்னிஷ் அடிப்பேன். என் பெட்டியில் எழுதியிருந்தால் அது தப்பாகாது என்று எங்கள் இசைக்குழுவில் பீற்றிக்கொள்வேன்.

ஒருமுறை பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் தேடி மாதக்கணக்கில் அலைந்து ஒரு பெடல் செய்தேன். மற்ற பெடல்களில் மின்சாரம் நுழையும் துளையின் நடு ஊசி மைனஸ். இதில் மட்டும் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் பெடல் செத்துவிடும்.

ஒரு ஞாயிறு மதியம், கெலுகோரில் வாடகைக்கு எடுத்த ஒத்திகை அறையில், எங்கள் கிட்டார்காரன் அதற்கு அடாப்டரைச் செருகினான். பள்ளி நாளிலிருந்து என் நண்பன். பட்டென்று ஒரு சத்தம், பெட்டியிலிருந்து புகை.

"எந்த அடாப்டர்டா போட்ட?"

"எப்பவும் போடறதுதான். மைனஸ்னு எழுதியிருக்கு லா மச்சான். பாத்துட்டுதான் குத்துனேன்."

"நான் எழுதுனது எனக்குத் தெரியாதா?"

"நீயே பாரேன்."

நான் பார்க்கவில்லை. அறைந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். முட்டியால் வயிற்றில் இடித்தேன். டிரம்மோடு சேர்ந்து சரிந்தான். உதடு கிழிந்து ரத்தம் ஒழுக, எழுந்திருக்க இடது கையைத் தரையில் ஊன்றினான். பெடலை எடுத்து அந்தக் கைமேல் இறக்கினேன். இரண்டு தடவை. முதல் அடியிலேயே எலும்பு முறிந்தது கேட்டது. கேட்டும்தான் இரண்டாவதை அடித்தேன். டிரம்மர் பின்னாலிருந்து என் கழுத்தை இறுக்கிய பிறகே விட்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் துடைத்தேன். ஒரு மூலையில் அவன் தோல் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், வார்னிஷுக்கு அடியில், என் அழகான எழுத்து: நடு ஊசி மைனஸ். எல்லாப் பெடலுக்கும் ஒரே தாளில் அச்சிட்டவன், இதற்கு மாற்ற மறந்திருக்கிறேன்.

சுங்கை பினாங்கில் அவன் வீட்டுக்கு உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பெயிண்ட் கரைக்கும் தின்னர் ஊற்றி லேபிளைச் சுரண்டினேன். பிளஸ் என்று புதிதாக அச்சிட்டு ஒட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைத்தேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுத்து ஒரு நூல்கூடக் கோணவில்லை.

நான்காம் நாள் அவனே வந்தான், இடது கையில் மாவுக்கட்டோடு. இரண்டு விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லையாம். போலீஸ் ரிப்போர்ட் செய்திருக்கவில்லை.

"அந்த லேபிள ஒரு தடவ காட்டு மச்சான்" என்றான்.

எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். வலது கட்டைவிரலால் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி லேபிளைப் பார்த்தான்.

"பிளஸ்ஸுதான் போட்டிருக்க. நான்தான் சரியா பாக்கல போல. சோரி லா மச்சான்."

"பரவாயில்ல, விடு" என்று அவனை மன்னித்தேன்.