மூன்று மணிப் பேச்சுக்கு நாங்கள் போட்ட மெட்டு

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடியிருப்பில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு பாடகர் குழு வைத்திருந்தோம். பெரும்பாலும் என்னைப் போல ஐடி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்து ஹாலில் கூடுவோம். நான் பாளையங்கோட்டையில் சர்ச் பாடகர் குழுவில் நான்கு குரலில் பாடி வளர்ந்தவள். அதனால் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பக்திப் பாட்டும் வேண்டாம், சினிமாப் பாட்டும் வேண்டாம், நாம் அன்றாடம் பேசுவதையே பாட்டாக்கலாம் என்று சொன்னதும் நான்தான். கரண்ட் போனபோது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போட்ட சத்தத்தை ஒரு பாட்டாக்கினோம். தண்ணீர் லாரி வராத நாளின் புலம்பல் இன்னொன்று. பாடும்போது எங்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

அடுத்த பாட்டுக்கு வரி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் பேச்சு காதில் விழுந்தது. எங்கள் பிளாக்கைப் பெருக்கித் துடைக்கும் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது. தினமும் மதியம் மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்வார். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் எல்லாம் எனக்குக் கேட்கும்.

“பால் காச்சிட்டியா?” என்று தொடங்குவார். கொஞ்சம் பொறுத்து, “துணி காஞ்சிச்சா, இன்னும் ஈரமாத்தான் கீதா?” என்பார். சில நாள் அதற்குப் பிறகு பேச்சு பத்து நிமிடம் ஓடும். சில நாள் “சரி, வச்சிட்றேன்” என்று அதோடு முடிந்துவிடும்.

தினமும் இதே இரண்டு கேள்விகள். தாய்க்கு மகளிடம் கேட்க வேறொன்றும் இல்லை, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே எழுதிக்கொண்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பெண்கள் “பால் காச்சிட்டியா” என்று ஆரம்பிக்க, ஆண்கள் கீழ்க்குரலில் “துணி காஞ்சிச்சா” என்று வாங்கிக்கொள்வார்கள். குடியிருப்பின் ஆண்டு விழாவில் பாடினோம். ‘இருக்கிறதா’ என்பதற்கு அக்கா சொல்லும் அந்தக் “கீதா” வரும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது. எங்கள் குழுவில் பாடும் ஒருவர், தன் மனைவி எடுத்த வீடியோவை அன்றைக்கே இணையத்தில் போட்டார். ஹாலின் கடைசியில் அக்கா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கை அசைத்தேன் என்றுகூட நினைவு.

மறுநாள் காலை எட்டரைக்கு அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றிருந்தார்.

“மேடம், நேத்து பாடினது நான் என் பொண்ணாண்ட பேசுறதுதானே?”

“ஆமாக்கா. நல்லா இருந்துச்சா?” பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “பால் காச்சிட்டியான்னா, அவ புருசன் ஊட்ல கீறானா இல்லியான்னு கேக்குறது மேடம். காச்சிட்டேன்னு சொன்னா வெளிய போய்ட்டான்னு அர்த்தம். துணி ஈரமா கீதுன்னா அடிச்சிருக்கான். அவன் இருந்தா ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். நான் வேற எப்டி கேப்பேன், சொல்லு?”



“அந்த வீடியோவ அவன் பாத்துட்டான்னா?” என்று அவரே கேட்டார்.

உடனே வீடியோ போட்டவரை அழைத்தேன். அவர் அழித்துவிட்டார். நிம்மதியாக அக்காவோடு கீழே வந்தால், கேட்டில் இருந்த செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே, “மேடம், உங்க பாட்டு எங்க மச்சான் அனுப்பினான், சென்னீர்குப்பத்துலேர்ந்து” என்று போனை நீட்டினார். பக்கத்தில் நின்ற அக்காவின் முகம் வெளிறியது. மகளைக் கட்டிக்கொடுத்திருந்ததும் சென்னீர்குப்பத்தில்தான்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டேன்.  வழியில் சிக்னலில் நின்றபோது, “வேல கீற நாள்ல அவன் பத்து மணிக்கெல்லாம் பூடுவான்” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

நல்லவேளை, அவன் இல்லை. மகள் இடுப்பில் பெண் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

“இன்னாமா, போன் பண்ணாம வந்துகினு?”

“துணி எடுத்துக்க. கெளம்பு.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போன வேகத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தாள். அந்தப் பை எத்தனை நாளாக அங்கே தயாராக இருந்ததோ. காரில் ஏறக் குனிந்தபோது அவள் பிடரியில் கன்றிக் கறுத்த காயம் தெரிந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். அக்காவின் வீடு அவனுக்குத் தெரியும் என்பதால், அவருக்குத் தெரிந்த வேறொரு வீட்டில் அவர்களை இறக்கிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் குழுவில் ஒரு தோழி சொன்னாள், “நம்ம பாட்டாலதான அந்தப் பொண்ணு தப்பிச்சா.” அவள் என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான்கு நாள் கழித்து அக்காவின் மருமகன் எங்கள் கேட்டுக்கு வந்து கத்தினான். மறுவாரமும் வந்தான். சங்கம் அவசரக் கூட்டம் போட்டது, நாங்கள் பாடிப் பழகிய அதே ஹாலில். “பிள்ளைங்க விளையாடுற இடம். நமக்கு எதுக்கு இந்த வம்பு? வேற ஆளை அனுப்பச் சொல்லலாம்” என்றார் செயலாளர்.

நான் எழுந்தேன். “அவங்க பேச்சைத்தானே நாம மேடையில பாடினோம்? கைதட்டினோமே?”

“பாட்டு வேற, இது வேற மேடம்.”

கை தூக்கச் சொன்னார்கள். அக்கா இருக்கட்டும் என்று கை தூக்கியது நானும் எங்கள் குழுவில் ஒரே ஒரு பெண்ணும். மற்ற ஒன்பது பேரில் ஏழு பேர் அங்கேதான் இருந்தார்கள். சிலர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் அக்காவை வானகரத்தில் வேறொரு குடியிருப்புக்கு மாற்றிவிட்டார். கடைசி நாள் நான் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பு இன்னாத்துக்கு மேடம்? பொண்ணு என்னாண்ட கீறா, அது போதும்” என்றார். பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினார். “ஆனா இப்பல்லாம் பின்னாடி யாராச்சும் நின்னாலே எனக்குப் பேச்சு வர மாட்டேங்குது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஹாலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. குழு இப்போதும் பாடுகிறது. வரியை மட்டும் மாற்றிவிட்டு அந்த மெட்டைப் பாடலாமா என்று ஒருத்தி வந்து கேட்டாள். வேண்டாம் என்றேன். “அவ்வளவு நல்ல மெட்டு” என்று வருத்தப்பட்டாள்.

மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்குப் போகிறாள் என்று செக்யூரிட்டி சொன்னார். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்களாம். அவன் இன்னும் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறானாம். அக்காவின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அழைத்தால் முதலில் என்ன கேட்பது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.