கடிகாரத்தைக் கொண்டு போனவள்

நோல்ஃபா சன்வேசாவைப் பற்றி இணையத்தில் ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். காலத்தைத் தாண்டி வந்தவளாம், மூன்று காலத்திலும் ஒரே வயதோடு நடமாடுபவளாம். அவள் ரொட்டியைக் கருக்குவாள் என்று மட்டும் ஒருத்தரும் எழுதவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் எழுதினால்தானே! அதனால் நானே சொல்கிறேன். நான் சுனில்தா, கரான்கோ சுரங்க வாசலில் சோபாய்பியா என்கிற ரொட்டியைப் பொரித்து விற்கிறவள். அவளுக்கு அறுபது வருஷத்துத் தோழி. என் வாய்தான் அவளுக்கு எமனாக வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில் மூன்றாவது வரிசையில் அவளும் நானும் பிறந்தோம். பத்து வீட்டுக்கு ஒரு பொது அடுப்பு. செவ்வாய், வெள்ளி எங்கள் இரண்டு பேருக்கும் முறை. பேச ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்பு மறந்துவிடும். எத்தனை நாள் திட்டியிருப்பேன்! "கருகின பக்கத்த உலிசெஸுக்குக் கட்டிக் குடுத்துருவேன்டி. சுரங்கத்துக்குள்ள இருட்டுதானே, அவருக்கா தெரியப் போவுது" என்பாள். உலிசெஸ் அவள் புருஷன். அவருக்கு நன்றாகவே தெரியும். ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை.

எங்கள் ஊருக்குச் சங்குதான் எல்லாம். ஒரு தடவை ஊதினால் ஆட்கள் இறங்குகிறார்கள், இரண்டு தடவை ஊதினால் ஏறுகிறார்கள். மூன்று தடவை ஊதினால் கீழே ஏதோ ஆகிவிட்டது. அப்போது பெண்கள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். கதவை மட்டும் பூட்ட மாட்டார்கள். பூட்டினால் உள்ளே போனவன் திரும்பமாட்டான் என்று நம்பிக்கை. அதே போல வேலைக்குக் கிளம்பியவன் எதையாவது மறந்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வரக்கூடாது. வந்தாலும் வீட்டுக்காரி உள்ளே விடக்கூடாது.

1994, ஆகஸ்ட் ஒன்பது. உலிசெஸ் பத்தடி போனவர் கடிகாரத்தை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். நோல்ஃபா தோளால் கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். "திரும்புனா ஆகாதுங்க, போங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அவர் வெளியே நின்று சிரித்தார். "சரி, அப்ப நீயே கொண்டு வந்து குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் சங்கு மூன்று தடவை ஊதியது. கடலுக்கு அடியில் போகும் பாதையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒரு உடல்கூட மேலே வரவில்லை.

ஒன்பது வெறும் பெட்டிகளைப் புதைத்த அன்று காலையில் நான்தான் அவளுக்குத் தலை குளிப்பாட்டிவிட்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையில் கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதவு விஷயத்தை என்னிடம் சொன்னது அப்போதுதான். "யார்கிட்டயும் சொல்லாதடி" என்றாள். சொல்லவில்லை. இருபத்தொன்பது வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அது சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய கடிகாரம். விபத்துக்கு மறுநாள் நான்கு நாற்பதுக்குத் தானாக நின்றுபோனது. அதைக் கையில் கட்டிக்கொண்டவள் கழற்றவே இல்லை, சாவியும் கொடுக்கவில்லை. மூன்று வருஷத்தில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைத்து இஸ்திரி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னோடு சீட்டாடுவாள். கூச்சமே இல்லாமல் ஏமாற்றுவாள். பிடித்துவிட்டால், "கண்ணு தெரியலடி" என்று என் கன்னத்தைக் கிள்ளுவாள். அவள் வாழ்க்கை அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத வாழ்க்கை.

2019இல் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். 'மூன்றாம் சங்கு' என்று ஒரு மர்மத் தொடர். எங்கள் ஊர் விபத்தையே எடுத்து, முன்னால் 1965இல் ஒன்று, பின்னால் 1994இல் ஒன்று என்று கதை பண்ணியிருந்தார்கள். பெண்கள் ஓடுகிற காட்சிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். 1994 காட்சியை முதலில் எடுத்தார்கள். மறுநாள் 1965 காட்சி. அடைமழை, பாதிப் பேர் வரவில்லை. ஆள் பிடிக்கிறவன் நோல்ஃபாவிடம், "அக்கா, தலையில ஒரு துணியக் கட்டிக்கிட்டு இதுலயும் ஓடிருங்க. யாரு பாக்கப் போறா?" என்றான்.

உலகமே பார்த்தது. இரண்டு காட்சியிலும் ஒரே பெண், சுரங்க வாசலில் ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி திரும்பிப் பார்க்கிறாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கும்போது மணிக்கட்டில் அதே கடிகாரம், அதே நான்கு நாற்பது. ஆள் பற்றாக்குறையில் நடந்த குளறுபடி இது. ரசிகர்களோ படம் படமாக நிறுத்திப் பார்த்துக் கூட்டல் கழித்தல் போட்டார்கள். இருபத்தொன்பது வருஷத்துக்கு ஒருமுறை காலத்தின் கதவு திறக்கிறதாம், இவள் அதில் போய் வருகிறாளாம். அடுத்த முறை 2023, ஆகஸ்ட் ஒன்பது, நான்கு நாற்பது. தியரி என்று இதற்குப் பெயர்.

கூட்டம் கூட்டமாக ஊருக்கே வர ஆரம்பித்தார்கள். "அக்கா, நீங்க எந்த வருஷத்துலேருந்து வந்தீங்க?" என்று கேட்டு அவளோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "நானா? டவுனுக்கு பஸ்ல போனாலே எனக்கு வாந்தி வரும். காலத்துலயெல்லாம் போனா குடலே வெளிய வந்துரும் தம்பி." அப்படித்தான் இருந்தாள். அப்படியே இருந்திருப்பாள், நான் சும்மா இருந்திருந்தால்.

காஸ்பர் என்று ஒருவன். தலைநகரில் பல் டாக்டரிடம் வேலை. ரசிகர் கூட்டத்தில் அவன் தியரிக்குத்தான் மவுசு. 2023 ஜூன் மாதம் ஒரு வாரம் முழுக்க என் கடையில் வந்து உட்கார்ந்தான். நனைந்த கோழி மாதிரி இருப்பான், பேச்சு மட்டும் தேன். "அக்கா, உங்க கை ருசி எங்கம்மாவுக்குக்கூட வராது." எனக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? ஐந்தாம் நாள் கடிகாரத்தைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்டான். என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது. கதவு, அவள் தோள், 'நீயே கொண்டு வந்து குடு', எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத தம்பி" என்று வேறு சொன்னேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நான் உளறியதற்கு நான்காம் நாள் அவன் வீடியோ வந்தது. தொடரின் ஆறாம் பகுதியில் ஒரு தொழிலாளி இருட்டில் கையை நீட்டி நிற்கிற காட்சி இருக்கிறது. அந்தத் தொழிலாளி கேட்பது கடிகாரத்தைத்தானாம். உதட்டசைவைப் படம் படமாக நிறுத்திக் காஸ்பரே கண்டுபிடித்தானாம்: "நீயே கொண்டு வந்து குடு." அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உள்ளே போனவர்களுக்கு விடுதலையாம். என் பேரை அவன் எடுக்கவே இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டது என்றால் அந்தக் கூட்டத்தில் மதிப்பில்லை. கண்டுபிடித்தது என்றால்தான் கைதட்டு.

நோல்ஃபா போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சுனில்தா, இதக் கேளு. இந்த வார்த்தை அவருக்கும் எனக்கும்தான்டி தெரியும். உசுரோட இருக்கிற யாருக்கும் தெரியாது. இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

என்னிடம் சொன்னதே அவளுக்கு நினைவில்லை. மாத்திரை மயக்கம் அப்படி. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். 'நான்தான்டி உளறினேன்' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அறுபது வருஷ சிநேகம் அறுந்துவிடுமே என்று பயந்தேன். "எனக்கென்னடி தெரியும்" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நாளைக்கு, நாளைக்கு என்றே ஜூலை போய்விட்டது. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். இஸ்திரிப் பெட்டியை என்னிடம் கொடுத்து, "வச்சுக்கோடி, எனக்கு இனி எதுக்கு" என்றாள். டார்ச் லைட் வாங்கினாள். தொடர் எடுத்தவர்கள் பழைய சுரங்கப் பாதையின் செங்கல் அடைப்பை உடைத்துவிட்டு, கல் மாதிரி வண்ணம் அடித்த பலகையை வைத்துப் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பக் கட்டவில்லை. அந்தப் பலகைக்கு எதிரே போய் நின்றுகொண்டிருப்பாள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு சீட்டாடும்போது அவள் ஒரு ஆட்டத்தில்கூட ஏமாற்றவில்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது. அவள் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் தேதிக்காகக் காஸ்பர் முன்னமே ஊருக்கு வந்திருந்தான். மறுநாளே கடையில் அவனைப் பிடித்தேன். "என்கிட்ட கேட்டு வாங்கினதுதான்னு நீயே அவகிட்டச் சொல்லு" என்றேன்.

"அக்கா, இது சும்மா ஒரு விளையாட்டு. யாரும் நெசமா நம்ப மாட்டாங்க."

"அவ நம்புறாடா!"

"அப்ப தியரி எவ்வளவு பலமா இருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு வாய் கடித்தான். அவன் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி மழையில் வீசினேன். வீசி என்ன பிரயோஜனம்? சொல்ல வேண்டியவள் நானல்லவா? ஒன்பதாம் தேதி அவள் கூடவே இருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். அன்று காலையில் போனபோது வாசலிலேயே நிறுத்தி, "சாயங்காலம் டீ குடிக்க வாடி, அஞ்சு மணிக்கு. கேக் பண்றேன்" என்றாள். உள்ளேயிருந்து கேக் வாசனை வந்தது. நிம்மதியாகத் திரும்பி வந்துவிட்டேன். முட்டாள் சிறுக்கி நான்.

அன்று சுரங்க வாசலில் முந்நூறு பேர் மழைக்கோட்டோடு நின்றார்கள். நான்கரை மணிக்கு ஒலிபெருக்கியில் சங்கை ஊதவிட்டார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

அவர்களுக்கு அது தொடரில் வரும் சத்தம். எங்களுக்கு அப்படியா? என் கால் என்னைக் கேட்காமல் ஓடியது. ஊரில் மிச்சம் இருந்த கிழவிகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருத்தி கையில் மாவு, ஒருத்தி தலையில் பாதிச் சாயம், ஒருத்தி ஒற்றைச் செருப்பு. ஒரு வீட்டுக் கதவும் பூட்டவில்லை. இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டு இரண்டு பேர் சேற்றில் உட்கார்ந்து அழுதார்கள். ரசிகர்கள் கைதட்டிக்கொண்டே போனில் படம் பிடித்தார்கள். நான் ஓடி வந்தவர்கள் முகத்தை எல்லாம் பார்த்தேன். நோல்ஃபா இல்லை. பழைய பாதைப் பக்கம் பார்த்தால் பலகை விலகிக் கிடந்தது.

இருட்டுக்குள் தலையை விட்டுக் கத்தினேன். "நோல்ஃபா! நான்தான்டி சொன்னேன்! அந்த வார்த்தைய அவன்கிட்ட நான்தான்டி உளறினேன்! அவருமில்ல, ஒண்ணுமில்ல, வெளிய வாடி!"

டார்ச் வெளிச்சம் தூரத்தில் நின்றது. அவள் குரல் வந்தது, அடுப்படியில் பேசுகிற குரல்.

"தெரியும்டி. நேத்துதான் ஞாபகம் வந்துச்சு. எனக்குத் தலை கழுவிவிட்டே நீ."

"தெரிஞ்சுமா போறே? அப்ப வாடி!"

"நீ சொன்னது இருக்கட்டும். அவர் சொன்னது நெசம்தானே? கொண்டு வான்னு சொன்னாரா இல்லியா?"

சொன்னார்தான். வெளிச்சம் திரும்பி உள்ளே போனது. பின்னாலேயே ஓடினேன். முழங்கால் வரை கடல் தண்ணீர் ஏறியிருந்தது. யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். காஸ்பர்தான். "அக்கா, விளையாட்டுன்னுதான் நெனச்சேன், விளையாட்டுன்னுதான்" என்று குழந்தை மாதிரி அழுதான். அவனை அடிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

நான்கு நாள் தேடினார்கள். டார்ச் மட்டும் கிடைத்தது.

காஸ்பர் தன் வீடியோவை எடுத்துவிட்டான். அதற்குள் ஆயிரம் பேர் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இப்போது புதுத் தியரி: நான் கத்துகிற வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள், ரொட்டிக்காரிதான் வாசல் காவல்காரி என்கிறார்கள். கடிகாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். இனி ஏதாவது ஒரு ஆகஸ்ட் ஒன்பதில், நான்கு நாற்பதுக்கு, அவள் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவாளாம். கேட்க வருகிறவர்களைக் கரண்டியைக் காட்டி விரட்டுகிறேன். அது எப்படிக் கட்டிய கதை என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நேற்று ஆகஸ்ட் ஒன்பது. மூன்று மணிக்கே கடையை மூடிவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கேக் பண்ணினேன், ஒரு பக்கம் கருகிவிட்டது. மூன்று கோப்பை எடுத்து வைத்து ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். நகராட்சிக்காரர் எட்டிப் பார்த்து, ஆள் இல்லாத வீட்டை இப்படித் திறந்து போடக்கூடாது, பூட்டிச் சாவியைக் கொடுங்கள் என்று இந்த வருஷமும் கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன். நான் பூட்டவில்லை.