முகத்தில் ஒட்டாத வலை

விடியற்காலையில் வயலுக்கு முதலில் போகிறவர் முகத்தில்தான் சிலந்தி வலையெல்லாம் ஒட்டும். அமராவதிபுதூரில் எங்கள் வரப்பில் அந்த முதல் ஆள் எப்போதும் நான்தான். தலையில் கஞ்சிப் பானை, கையில் வேப்பங்குச்சி. குச்சியை முகத்துக்கு முன்னால் நீட்டி, வலைகளைச் சுருட்டியபடி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு நடப்பேன். சுருண்ட வலையில் தவிட்டு நிறப் பொடிப்பூச்சிகள் அப்பியிருக்கும். உதறி எறிந்துவிடுவேன்.

போன வருஷம், ஐ.ஆர். எட்டு நெல் வந்த புதிது. இலை சுருளுகிறது என்று என் வீட்டுக்காரர் மருந்து அடித்தார். பூச்சி அடையும் என்று வரப்போரத்து ஆவாரஞ்செடிகளையும் புல்லையும் கொளுத்தினார். மறுநாள் சிலந்திகள் செத்துத் தண்ணீரில் மிதந்தன. என் குச்சி சுத்தமாக இருந்தது.

"நல்ல வேல செஞ்சீக. இப்பத்தான் நிம்மதியா நடக்க முடியுது" என்றேன். அவர் சிரித்தார். இன்னொரு தரமும் அடித்தார்.

கதிர் வரும் சமயத்தில் பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. ஒரு தூரை விலக்கிப் பார்த்தேன். தண்டே தெரியாமல் பொடிப்பூச்சிகள். என் குச்சியில் தினமும் ஒட்டிய அதே தவிட்டு நிறம்.

"புகையான் விழுந்திருச்சு. இம்புட்டு மருந்து அடிச்சும் சாகலையே" என்றார் அவர்.

"இதப் புடிச்சுத் தின்னதெல்லாம் செத்துப்போச்சே" என்றேன்.

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வைக்கோலை மாடுகூட மோந்து பார்த்து விலகியது. தை பிறக்குமுன் அவர் காரைக்குடிக்கு மூட்டை தூக்கப் போனார்.

இந்த வருஷமும் வரப்பில் முதல் ஆள் நான்தான். குச்சி எடுப்பதில்லை. முகத்தை நீட்டிக்கொண்டே நடக்கிறேன். இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை.