மாற்றிச் செருகிய ஒயர்

அத்தையின் வாழ்க்கையை நான் கெடுத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் எதுவும் குறையவில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. சித்தப்பா அரியலூரில் மைக் செட் வைத்திருந்தார். எறையூர்ப் பக்கம் கரும்பு போட்டிருந்த அத்தையின் கணவர் மாரடைப்பில் இறந்தபோது, செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு சித்தப்பாவே போனார். அப்பா, அம்மாவோடு நானும் ஏறிக்கொண்டேன். துக்கத்தைவிட, மிக்சர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரலாம் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்தப் பெட்டியின் வலது ஓரத்தில் மேலும் கீழும் தள்ளுகிற இரண்டு பொத்தான்கள். 'மெயின்' தெரு மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களுக்கு. 'மானிட்டர்' கூடத்தில் ஒப்பாரி பாடுகிற அம்மாள் தன் குரலைக் கேட்டுக்கொள்ள வைத்த சின்ன பாக்ஸுக்கு. இரண்டின் ஒயர்களும் பெட்டியின் முதுகில் செருகியிருக்கும். அங்கே எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன.

"பாட்டு நின்னா மெயின எறக்கிடு. பொம்பளைங்க பேசுறது தெருவுக்குப் போவக்கூடாது. மானிட்டரத் தொட்டின்னா மைக்கு கீச்சுன்னு கூவும், கைய ஒடச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு சித்தப்பா டீ குடிக்கப் போனார்.

பாய் விரிக்க இடம் வேண்டுமென்று யாரோ பெட்டியை நகர்த்தச் சொன்னார்கள். ஒயர்களைப் பிடுங்கி, சுவரோரம் தள்ளிவைத்து, நானே திரும்பச் செருகினேன். காலையில் சித்தப்பா பின்பக்கம் நின்று செருகியபோது மெயின் இடது கைப்பக்கம் இருந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது முன்னாலிருந்து எட்டிப் பார்த்து, அதே இடது பக்கம் செருகினேன். எட்டிப் பார்ப்பவனுக்கு இடமும் வலமும் மாறிவிடும் என்று தோன்றவில்லை. இரண்டு பொத்தான்களும் மேலே இருந்ததால் இரண்டிடத்திலும் சத்தம் வந்தது.

பாடுகிற அம்மாள் மைக்கை அத்தையின் மடியோரம் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தார். வெளியே பறை தொடங்கியது. நான் மெயினை இறக்கினேன். கூடத்து பாக்ஸ் அடங்கியது. சரியாகச் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அத்தை என் அம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

"அண்ணி, எனக்கு அழுவையே வரல. இனிமே அடிக்க ஆளில்லங்கிறதுதான் மனசுல ஓடுது."

"வாய மூடுடி. தெருவுல கேக்கப்போவுது."

"கேக்கட்டும். என் ஒடம்பு இன்னைக்குத்தான் பயமில்லாம ஒக்காந்திருக்கு."

பறை பாதியில் நின்றது. நான் இறக்கியது கூடத்து பாக்ஸை மட்டும்தான்; அம்மா அதட்டியது உட்பட எல்லாமே தெருவுக்குப் போயிருந்தது.

இறந்தவரின் தம்பி உள்ளே வந்தார். "எங்கண்ணன் செத்தது ஒனக்குத் திருநாளா? பொணம் எடுக்குறதுக்குள்ள இவ இந்த வூட்ட வுட்டுப் போயிரணும். எங்கண்ணன் பையன் இங்கதான் இருப்பான்."

"அவன் நான் இல்லாம தூங்கமாட்டான்யா."

"பழகிக்குவான்."

அப்போது அத்தை அழுதாள். இறக்கிய பொத்தானிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. அந்த அழுகையும் குழாயில் போனது.

குழாய்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்து, பெரம்பலூர் வழியாக அரியலூர் கொண்டுவந்தோம். பையன் பிறகு அவளிடம் வரவேயில்லை. ஒருமுறை அவனுடைய பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவன் உள்ளே ஓடிவிட்டானாம்.

அவளைக் கொண்டுவந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் விசாரணை நடந்தது. சித்தப்பா செட்டைக் கழற்றும்போதே ஒயர் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டார். என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "நாந்தாண்ணே மாத்திச் சொருவிட்டேன்" என்றார்.

"இத்தன வருசமா செட்டு ஓட்டுற, ஒரு ஒயரு தெரியாதாடா ஒனக்கு?" என்று அப்பா கத்தினார்.

விளக்கு வைக்கும்வரை ஒயரைப் பற்றியே பேசினார்கள். அத்தை உள்ளறையில் கேட்டபடி படுத்திருந்தாள். தப்பித்துவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. புருஷன் அவளை எதற்கு அடித்தான், ஏன் ஒரு தடவைகூட எங்களிடம் வந்து சொல்லவில்லை என்று அவளிடம் கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.