பலேர்மோவில் எங்கட ஆக்கள்

“அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே. ஆரிட்டைப் போய் நிக்கிறது?”

பலேர்மோவில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று ஹம்பேர்க்கில் எங்கள் சமையலறையில் நின்று சொன்னபோது, அம்மா கேட்டது இதைத்தான். கேட்டுவிட்டுப் புட்டுக் குழலைத் திரும்ப அடுப்பில் வைத்தார்.

நான் கட்டடக்கலை மாணவி. சிசிலித் தீவிலுள்ள அந்த நகரத்தின் பழைய மாளிகைகளை இடிக்காமல் எப்படிக் காப்பாற்றுவது என்று அங்கேயே இருந்து ஆறு மாதம் படிக்கலாம். ஏற்கிறேனா இல்லையா என்று வசந்தம் முடிவதற்குள் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மாவின் படிப்பு இடப்பெயர்வோடு ஐந்தாம் வகுப்பில் நின்றது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. இதை யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் அம்மாவின் முகம் வாடியிருக்க விமானம் ஏற என்னால் முடியாது. அவர் வாயால் ‘ஓம், போ’ என்று ஒரு சம்மதம் வேண்டும்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் பாரிஸில் கல்யாணம், ரொறன்ரோவில் ஒரு மச்சாள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு, லண்டனில் செத்தவீடு. விமான நிலையத்துக்கு ஒரு மாமா காரோடு வருவார். அவர் வீட்டு ஹோலில் வரிசையாகப் படுப்போம். பாரிஸுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். அந்த ஊர்க் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மண்டபத்துக்குப் பிந்திவிட்டோம் என்ற சத்தத்தின் நடுவே. சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு, விசேஷம் எதுவும் இல்லாமல், சும்மா போவது எங்களில் எவரும் செய்யாத வேலை. அதனால் அம்மாவையே சில நாட்களுக்கு அங்கே கூட்டிப்போவது என்று முடிவெடுத்தேன். அப்பாவுக்கு உணவகத்தில் விடுமுறை கிடைக்கவில்லை.

அம்மாவின் பெட்டிக்குள் காஞ்சிபுரம் சேலை போனது. மிளகாய்த்தூள் போனது. கடைசியாக ஒரு பிஸ்கட் தகரப்பேணி நிறையப் பயத்தம் பணியாரம்.

“இது ஆருக்கம்மா?”

“போற இடத்துக்கு வெறுங்கையோடை போறதே?”

“அங்கை ஒருத்தரும் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“அதுக்கு?”

பேணியும் வந்தது.

ஹம்பேர்க்கில் தடித்த ஜாக்கெட்டோடு ஏறினோம். பலேர்மோவில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். கிளைகளில் ஆரஞ்சுப் பழங்கள் தொங்க, தெருவோரத் தோடை மரங்கள் பூத்திருந்தன. அந்த வாசம் எங்கிருந்து வருகிறது என்று அம்மா ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தார். முதல் நாள் மாலை, கடற்கரைக் கடையொன்றில் வட்டமான பன் போன்ற பாணை இரண்டாகப் பிளந்து உள்ளே ஐஸ்கிரீம் வைத்துக் கொடுத்தார்கள்.

“பாணுக்குள்ளை ஐஸ்கிறீமோ? இவையளுக்கு என்ன, விசரே?” என்றார் அம்மா. தன்னுடையதை முடித்துவிட்டு, என்னுடையதிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் நான் கண் விழித்தபோது அம்மாவின் கட்டில் வெறுமையாக இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன், அது மேசையிலேயே கிடந்து அடித்தது. அம்மாவுக்கு ஜெர்மன் மொழியே கடைக்கு அளவாகத்தான் தெரியும், இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு படிகளில் ஓடினேன். தெரு முனையில் அவர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஸ்ட்ரோபெரி, மறு கையில் ஊதாக் கத்தரிக்காய். பக்கத்தில் பொட்டு வைத்த ஒரு பெண், சந்தை வண்டிலை இழுத்தபடி.

“பயந்திட்டியே, பிள்ளை?” என்றார் அந்தப் பெண். “அம்மா மீன்காரனோடை தமிழிலை சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டவ. அவன் இத்தாலியனிலை. ரெண்டு பேருக்கும் நல்லா விளங்கினது. நான்தான் இடையிலை போய்க் குழப்பிப்போட்டன்.”

இந்த நகரத்தில் வீட்டு வேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவுக்காரர். பலேர்மோவில் ஆயிரக்கணக்கில் தமிழர் இருப்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா அவரையும் அறைக்குக் கூட்டிவந்து, பேணியைத் திறந்து நீட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இரண்டாவது பணியாரத்தோடு என் கதை முழுவதும் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

“அப்ப பிள்ளை எங்கட வீட்டிலை நிக்கட்டும். மகன்ரை அறை சும்மாதானே கிடக்கு. பின்னேரத்திலை வகுப்பு முடிய நானே போய்க் கூட்டியாறன்.”

“எனக்கு இருவத்திமூண்டு வயசு, அன்ரி.”

“அதுதான் பயம்,” என்றார்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. எனக்கு உள்ளே இருண்டது. ‘ஓம்’ வந்துவிடும், ஆனால் யார் கண்ணிலும் படாமல் நடக்க ஆசைப்பட்ட தெருக்களில் இனி எனக்கு ஒரு காவல் இருக்கும். அப்படியொரு ‘ஓம்’ எனக்கு வேண்டாம். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அன்ரி எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். ஊரைக் காக்கும் கத்தோலிக்கப் பெண் புனிதர் ஒருவரின் குகைக் கோயில் மேலே இருக்கிறது. பலேர்மோத் தமிழர், சைவர்களும்தான், ஞாயிறு காலைகளில் அங்கே நடந்து ஏறுவார்கள். கட்ட ஒரு விசேஷம் கிடைத்த சந்தோஷத்தில் அம்மா காஞ்சிபுரம் சேலையை எடுத்துக் கட்டினார், காலுக்கு என் ஓட்டச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். எதிரே வந்த இத்தாலியத் தாத்தாக்கள் காலை வணக்கம் சொல்ல, அவர் எல்லோருக்கும் தமிழிலேயே பதில் வணக்கம் சொன்னார். குகைச் சுவரில் கசிந்த நீரைத் தொட்டு என் நெற்றியில் பூசிவிட்டார்.

வெளியே வந்து மதிலில் உட்கார்ந்தோம். கீழே நகரம், அதற்கப்பால் நீலக் கடல்.

“அப்ப பிள்ளைக்கு அறையை எப்ப துப்பரவாக்க?” என்று அன்ரி கேட்டார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “குறை நினையாதேங்கோ அக்கா. ஜேர்மனிக்கு வந்த நாள் துவக்கம் ஆரேன் கூட்டிக்கொண்டு போனால்தான் நான் ஒரு இடத்துக்குப் போனனான். அண்டைக்கு உந்தச் சந்தையிலை தனியத் திரிஞ்சன். நல்லா இருந்தது. நீங்கள் கொஞ்சம் முந்தி வந்திட்டியள்.”

அன்ரி மதிலில் கையால் அடித்துச் சிரித்தார்.

“அப்ப நான் செய்தது பிழையோ?”

“பிழையில்லை. ஞாயிற்றுக்கிழமையிலை இவளுக்குச் சோறு குடுங்கோ. மற்ற நாளிலை தனிய நிண்டு பழகட்டும்.”

“மீன் குழம்போடையோ?”

“ஓம், உறைப்பாய்.”

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அம்மா பயந்து மனம் மாறிவிடுவார். கடலைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

வருகிறேன் என்ற பதிலை, திரும்பும் விமானத்துக்குக் காத்திருந்தபோதே அனுப்பினேன். செவ்வாய் மாலைகளில் இத்தாலிய மொழி வகுப்புக்குப் போகிறேன். பழைய நகரத்தின் நடுவே, நான்காம் மாடியில், வேறு இரண்டு மாணவிகளோடு ஓர் அறை கிடைத்திருக்கிறது. நேற்று அதன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.