இத்தா அறையில் பார்த்த தொடர்கள்

என் கணவர் மௌத்தான மறுநாள் காலை, அவருடைய அக்கா ஹோலில் இருந்த தொலைக்காட்சியை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடினார். மரண வீட்டுக்குக் கொடுக்கிற மரியாதை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அது எனக்காக மூடப்பட்டது என்று விளங்கியது. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது. செய்தி வாசிக்கிறவரும் அந்நிய ஆண்தானே என்பது மதினியின் எண்ணம்.

"அவரு என்னயப் பாக்க மாட்டாரே மதினி," என்றேன்.

"நீங்க அவரப் பாப்பீங்கதானே," என்றார்.

அழுது களைத்துப்போயிருந்தேன். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தொழுவதற்கு முசல்லா, ஒரு ஜன்னல். நாலு மாதமும் பத்து நாளும் இந்த அறைதான் என்றார்கள். ஆண்கள் இல்லாத நேரம் சமைக்கக் குசினிக்கும் குளிக்கக் கிணற்றடிக்கும் போகலாம். ஆனால் எங்கள் ஊரான ஆலங்குடாவில் ஒரு மரண வீட்டுக்கு ஆண்கள் வராத நேரம் என்று ஒன்று கிடையாது. ஜன்னலைத் திறந்தால் கடற்கரைக்குப் போகிற பாதை. பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அதில் அரைக் காற்சட்டையோடு போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் ஜன்னலுக்கும் இரண்டு திரைச்சீலை விழுந்தது.

இத்தாவைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. முதல் சில வாரங்கள் அந்தக் கதவு மூடியிருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. யாருக்கும் முகம் காட்டத் தேவையில்லை. ஓதினேன், தொழுதேன், தூங்கினேன். பிறகு ஓதியும் தொழுதும் தூங்கியும் எழும்பிய பின்னும் பகல் மிச்சமாகக் கிடக்கத் தொடங்கியது. அந்த மிச்சப் பகலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூச்சு முட்டும். கத்த வேண்டும் போல இருக்கும். கத்தினால் ஓடி வருவார்கள் என்பதால் கத்தவில்லை.

என்னோடு தங்குவதற்காகப் புத்தளத்திலிருந்து வந்திருந்த மகள்தான் இதைக் கண்டுகொண்டாள். தன்னுடைய கணக்கில் எனக்கும் ஓர் இடம் திறந்து, படங்களும் தொடர்களும் பார்க்கிற செயலியை என் போனில் போட்டுத் தந்தாள்.

"காதுல வயர மாட்டிக்கிட்டுப் பாருங்க உம்மா. மாமிக்கு விளங்காது." மதினி அவளுக்கு மாமி முறை.

ஐம்பது வயதுக்கு மேல் நான் தொடர் பார்க்கத் தொடங்கியது இப்படித்தான். சிலர் ஓய்வுக்குப் பார்க்கிறார்கள். நான் அடைபட்டவளாகப் பார்த்தேன். அடைபட்டவளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

முதலில் கொரியாத் தொடர்கள். அங்கே ஒரு கம்பனி முதலாளி சுத்தமான சென்னைத் தமிழில் மகனை "டேய்" என்று அதட்டினார். மகன் வாயை மூடிய பிறகும் அவன் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் தமிழைக் கதைக்கிற ஒருவரையாவது காணலாமா என்று தேடினேன். இலங்கைத் தமிழர் என்று ஒரு படத்தில் ஒருவர் வந்தார். அவர் கதைத்தது யாழ்ப்பாணமும் இல்லை, மட்டக்களப்பும் இல்லை, புத்தளம் இல்லவே இல்லை. வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு யாரோ எழுதிக் கொடுத்ததை வாசித்த மாதிரி இருந்தது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

அடுத்த முறைப்பாடு நீளம். பத்துப் பகுதி என்று போடுகிறார்கள். மூன்று பகுதிக்குத்தான் உள்ளே சாமான் இருக்கும். மிச்சத்துக்கு ஒருவர் யோசித்தபடி நடப்பார், கார் போகும், மேலேயிருந்து காட்டைக் காட்டுவார்கள். எதிர்பாராமல் ஆட்கள் வந்துவிட்டால் தண்ணீரை ஊற்றி மீன் ஆணத்தைப் பெருக்குவோமே, அந்த வேலைதான். கடைசிப் பகுதியிலாவது கதையை முடிப்பார்களா என்றால் அதுவும் இல்லை. மிச்சத்துக்கு அடுத்த வருடம் வரச் சொல்கிறார்கள்.

கடலை எடுக்கிறவர்கள் கடலுக்கு வந்து பார்ப்பதே இல்லை. ஒரு படத்தில் கரைவலை இழுத்தார்கள். வெள்ளைச் சாரம் கட்டிய இளைஞர்கள் பாடிப் பாடி இழுத்தார்கள். வலையில் பாசியும் இல்லை, சொறிமீனும் இல்லை. கரையில் ஒரு காகம்கூட இல்லை. என் கணவர் நடத்திய சின்னக் கடைக்கு வலை இழுத்த கையோடு தேத்தண்ணீர் குடிக்க வந்தவர்களின் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த இயக்குநர் அப்படி எடுத்திருக்க மாட்டார். என் கணவர் என் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன்.

விதவைகள் விஷயத்தில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒருத்தி கணவனை அடக்கி மூன்றாம் நாளே உதட்டுச் சாயம் பூசி, கொலைகாரனைத் தேடிப் புறப்படுகிறாள். இன்னொருத்தி எல்லாப் பகுதிகளிலும் ஜன்னலோரம் இருந்து கண்ணீர் விடுகிறாள். அவள் கண்ணுக்கு மை கரைவதே இல்லை. அவருடைய தலையணை உறையைத் துவைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் இருக்கிற ஒருத்தியை எந்தத் தொடரிலும் நான் காணவில்லை. நான் அந்த உறையை வெகுநாள் துவைக்கவில்லை. மதினி எடுக்க வந்தபோது கையிலிருந்து பறித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் விட எரிச்சலூட்டியது, அவர்கள் வெளியே போகிற விதம். கோபம் வந்தால் வெளியே போகிறார்கள். அழுகை வந்தாலும் வெளியே போகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் கார்த் திறப்பு ஆணியில் தொங்கும், எடுத்துக் காரைக் கிளப்பிக்கொண்டு போவார்கள், பாதை அவர்களுக்காகக் காலியாக இருக்கும். அதனால் ஜெயில் தொடர்கள்தான் எனக்கு ஒத்துவந்தன. அவற்றிலும் குறை உண்டு. தாடி வளர்ந்ததைக் காட்டிக் காலம் போய்விட்டது என்கிறார்கள். நடுவில் இருக்கிற அலுப்பைக் காட்ட ஒருவருக்கும் துணிவில்லை. ஒரு கைதி ஒரு பகுதி முழுக்கச் சும்மா இருக்கட்டும், அதை நான் இமை கொட்டாமல் பார்ப்பேன்.

ஒரு பகல் நான் சிரித்ததில் மதினியிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

"ஆரோட சிரிக்கிறீங்க?"

பொய் சொல்ல வரவில்லை. ஒரு காது வயரைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். துருக்கித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ஒருத்தி மருமகளின் கடிதத்தை அடுப்பில் போடுகிற கட்டம். நின்றபடி பார்த்த மதினி கட்டிலில் இருந்தார், பிறகு காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார். பின்னேரம் பள்ளியில் அஸர் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை.

"துருக்கிக்காரங்க எங்கட ஆக்கள்தானே," என்றார் எழும்பும்போது. கொஞ்சம் யோசித்து, "போன்ல வாற ஆம்பளயள் சின்னனாத்தானே இரிக்காங்க," என்றும் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து பகல் சோறு முடிந்ததும் வந்துவிடுவார். ஹோலில் இருந்த பெட்டி மட்டும் விரிப்புக்குள்ளேயே கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதினி தன் வீட்டுக்குப் போயிருந்தார். நான் தனியாக ஒரு பணக்காரக் குடும்பத்தின் சொத்துச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆண்குரல்கள் கேட்டதும் வழக்கம்போலக் கதவைத் தாழிட்டேன். கொழும்பில் வேலை செய்கிற என் மகனின் குரல் ஒன்று. மற்ற இரண்டும் தெரியாத குரல்கள். வயரைக் கழற்றினேன்.

"இந்தச் சுவர உடைச்சா நேரா கடல் தெரியும்," என்றது ஒரு குரல். யாரோ கதவுக்குப் பக்கத்துச் சுவரில் தட்டிப் பார்த்தார்கள். என் கட்டிலின் தலைமாட்டில் அந்தத் தட்டு கேட்டது.

"உம்மா இத்தா முடிஞ்சதும் என்னோட கொழும்புக்கு வந்துருவா," என்றான் மகன்.

ஹோட்டல் கட்ட இடம் தேடுகிறவர்கள் என்பது பேச்சிலிருந்து விளங்கியது. அந்த வீடு என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்த நிலத்தில் நிற்கிறது. அந்தக் காலத்து வழக்கப்படி மருமகன் பெயரில் எழுதினார்கள். யாரும் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இப்போது அவர் இல்லை. மார்க்கப்படி பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மிச்சம் மகனுக்கும் மகளுக்கும்.

எத்தனை கதாநாயகிகளை நான் திட்டியிருப்பேன். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டு அழுகிறவளைப் பார்த்து, "அழுவாம கதவத் தொறயேன்டி" என்று சொல்லியிருக்கிறேன். அப்படி எழுதிய எழுத்தாளருக்கு மூளை இல்லை என்று மகளிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது தாழ்ப்பாளில் என் கை இருந்தது. வெளியே இரண்டு அந்நிய ஆண்கள். கை நகரவில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை, என் கைதான் நகரவில்லை. அந்த எழுத்தாளருக்கு என்னை விடக் கூடத் தெரிந்திருக்கிறது.

அவர்கள் போன பிறகு மகன் உள்ளே வந்து என் காலடியில் இருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. தகப்பனை அடக்கிவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவன்.

"உம்மா, தங்கச்சியும் ஓம் எண்டுட்டாள். நீங்க தனிய இங்க என்ன செய்யப் போறீங்க? கொழும்புல ஆஸ்பத்திரி பக்கத்துல. பெரிய டீவி ஒண்டும் வாங்கி வெச்சிரிக்கன். நாள் முழுக்கப் பாக்கலாம்."

கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது. அவனுடைய தொடர்மாடி வீட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் மாடி. நாள் முழுக்கத் தொடர் பார்ப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"யோசிச்சிச் சொல்றன்," என்றேன்.

அதன் பிறகு எந்தத் தொடரிலும் மனம் ஒட்டவில்லை. பட்டக்கார வெள்ளைக்காரர்கள் நிறைய வருகிற பெரிய காற்றுக்காலம் தொடங்கும் முன் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அந்த ஆட்கள் அவசரப்படுத்தினார்கள். கொழும்பிலிருந்து மகன் போன் எடுத்து, மிச்ச இத்தாவைக் கொழும்பில் இருக்கலாமே என்றான். பக்கத்தில் இருந்த மதினி போனைப் பிடுங்கினார்.

"இத்தா இரிக்கிற பொம்புளய ஊட்ட உட்டு எழுப்ப ஏலாது மகன். ஒங்க வாப்பா இரிந்திருந்தா இப்பிடிக் கேப்பீங்களா?"

அத்தனை நாளும் எந்தச் சட்டத்தை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அந்தச் சட்டத்தை அன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தா முடியக்கூடாது என்று அல்லாஹ்விடம் துஆக் கேட்ட பெண் எங்கள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் முடிந்தது. சொந்தக்காரப் பெண்கள் வந்து குளிக்க வார்த்து, நிறமுள்ள உடுப்பு உடுத்தினார்கள். ஹோலில் பலர் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டு வைத்துச் சோறு பரிமாறினார்கள். எல்லாரும் போன பிறகு மகன் கதவருகே வந்தான். அந்த ஹோட்டல்காரர்கள் இரண்டு பேரும் வாசலில் வாகனத்தில் காத்திருந்தார்கள். மகள் என் முகத்தைப் பார்க்காமல் சஹனைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

"இனி நீங்க வெளிய வரலாம் உம்மா. வாங்க, ஒரு கையெழுத்து மட்டும்தான்."

நான் கட்டிலில் இருந்து எழும்பவில்லை.

"எனக்கு எட்டில ஒண்டு. ஓமா மகன்?"

"ஓம் உம்மா. அத அப்பிடியே ஒங்கட கையில தந்துருவன்."

"தரத் தேவல்ல. நானே எடுத்துட்டன். இந்த அறதான் என்ட பங்கு. மத்ததெல்லாம் நீங்க ரெண்டு பேரும் வித்துக்கோங்க."

முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சுவருக்கு அங்கால ஹோட்டல் வந்தா, இந்த ஒரு அறய வெச்சி என்ன செய்யப் போறீங்க?"

"இரிக்கப் போறன்."

கடலை மறைத்து நிற்கும் அந்த நடு அறையை விட்டுவிட்டு வீட்டை வாங்க ஹோட்டல்காரர்களுக்கு விருப்பமில்லை. அந்தக் காற்றுக்காலம் போனது. அவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், மகனும் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். மகள் மட்டும் அழுது மன்னிப்புக் கேட்டாள். இரண்டு நாளைக்காவது புத்தளத்துக்கு வந்து நில்லுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறாள். பேரப்பிள்ளையைப் பார்க்க எனக்கு ஆசை. அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது. போய்விட்டுத் திரும்பி வரும்போது அந்தச் சுவர் நிற்குமா என்ற பயத்தில் நான் இன்னும் போகவில்லை.