வட்டமாகப் போட்ட கையெழுத்து

கரி எஞ்சின் மேல் பைத்தியமாக இருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஒன்பது பேர். என்னோடு சேர்த்து ஐந்து பேர் ராஜபாளையம், நாலு பேர் ஸ்ரீவில்லிபுத்தூர். ஒன்பது பேருக்கு இரண்டு சங்கம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எண்பதுகளில் செங்கோட்டை பாசஞ்சர் வரும்போது, வண்டிக்கு முன்னால் தென்னந்தோப்புக்கு மேலே புகைதான் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், வெள்ளைச் சட்டை வீணாகும். அதற்காக வீட்டில் நான் வாங்காத ஏச்சு கிடையாது. நான் ஒரு மில் ஆபீஸில் டைப்பிஸ்ட். வேலைக்குப் போகிற வழியில் ஸ்டேஷனில் நின்று, எஞ்சின் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். அந்தச் சத்தம் கேட்காத நாள் எனக்கு விடிந்த மாதிரியே இருக்காது.

தொண்ணூறுகளில் டீசல் வந்தது. செங்கோட்டை எஞ்சின் ஷெட்டில் ஒரே ஒரு கரி எஞ்சின் மிஞ்சியது. அதை உடைக்காமல் ஏதாவது ஒரு ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று இரண்டு சங்கமும் தனித்தனியாக எழுதி ஓய்ந்திருந்தோம். அந்தச் சமயம், நாடு முழுவதும் உள்ள இப்படிப்பட்ட சங்கங்களை ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி டெல்லியில் நடந்தது. அவர்கள் மூலம் பேசினால் ரயில்வே காது கொடுக்கும் என்றார்கள். ஒரே நிபந்தனை: ஒரு லைனுக்கு ஒரு பிரதிநிதி. எங்கள் இரண்டு ஊரும் ஒரே லைன்.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு டீக்கடையில் கூடினோம். அவர்கள் தலைவர் ஒரு டிராயிங் வாத்தியார், பொறுமைசாலி. எங்கள் பக்கம் பேசியது நான். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம்.

"ரெண்டு சங்கத்தையும் ஒண்ணாக்குனா எந்த ஊர்ப் பேரை முதல்ல போடுறது?" என்றார் வாத்தியார்.

"எங்க ஊருதான். உங்களுக்கு அம்புட்டுப் பெரிய தேர் இருக்குல்லா, பொறவு எஞ்சினுக்கும் எதுக்கு சார் சண்டைக்கு வாரீய?" என்றேன்.

"உங்க ஊருல மில்லுச் சங்கு ஊதுதுல்லா, அதைக் கேட்டுக்கிட்டு இருங்க" என்றார் அவரோடு வந்தவர்.

வாத்தியார் கையமர்த்தினார். "அவியவிய சங்கம் அவியவிய ஊர்ல இருக்கட்டும். டெல்லிக்கு மட்டும் ஒரு வருஷம் நீங்க, ஒரு வருஷம் நாங்க."

இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது யார் யோசனை கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அன்றைக்கு, "முதல் வருஷம் யாரு?" என்று கேட்டு அதையும் கெடுத்தேன்.

கடைசியில் வாத்தியார், டீக்கடைத் தட்டை ஒரு தாளில் கவிழ்த்து வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றி ஒன்பது பேரும் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். முதலும் கிடையாது, கடைசியும் கிடையாது. பிரதிநிதியை டெல்லியே சொல்லட்டும் என்று முடிவானது.

டெல்லிக்கு மனுவை டைப் அடித்து அனுப்பும் வேலை என்னுடையது. கையெழுத்துத் தாளை மனுவோடு சேர்த்துக் குண்டூசி குத்தும்போது, தாளை மெல்லத் திருப்பினேன். என் பெயர் உச்சியில் நேராக நின்றது. குத்தினேன்.

நானே பிரதிநிதி என்று பதில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கொதித்துப்போய், "அவர் எங்களுக்குப் பிரதிநிதி அல்ல" என்று டெல்லிக்கு எழுதினார்கள். நானும் விடாமல் எதிர்க் கடிதம் போட்டேன். உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு எழுதுங்கள் என்று டெல்லி கைகழுவிவிட்டது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி, பழைய இரும்பு வியாபாரி.

சில மாதம் கழித்து ஒரு மாலையில், டீசலுக்குப் பின்னால் கட்டி அந்த எஞ்சினை உடைக்க இழுத்துப் போனார்கள். புகையும் இல்லை, மூச்சும் இல்லை. எங்கள் பிளாட்பாரத்தில் வாத்தியார் நின்றிருந்தார். அடுத்து அவருடைய ஊர் வழியாகத்தான் அது போகும். ஆனாலும் பஸ் ஏறி இங்கே வந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கே உங்க ஊர்ப் பேரை முதல்ல போட விட்டிருக்கணும். நாந்தான் பிடிவாதம் பிடிச்சுக் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி."

"விடுங்க சார், ஆனது ஆச்சு" என்று அவரை மன்னித்தேன்.